மூணடி முத்திருளன்

சாத்தனோடையில் எவ்வளவு தண்ணீர் ஓடலாம் என்பதை மேலச்சுனைப்பட்டிக்காரர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். வானத்தைக் கேட்கவில்லை, மலையைக் கேட்கவில்லை. கருப்பசாமி கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டு, பரிசம் பேசுகிற மாதிரி இழுத்துப் பேசி, மூன்றடி என்று முடித்தார்கள். அது 1937-ஆம் வருஷம், புரட்டாசி மாதம். முத்திருளனுக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த மூன்றடி தன் பேரோடு ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று அவனுக்கு அன்றைக்குத் தெரியாது.

கூட்டத்துக்குக் காரணம் ஒரு கட்டை. பேரையூரிலிருந்து ஓவர்சியர் ஒருவர் நாலு கூலியாட்களோடு வந்து, ஓடை இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடுகிற இடத்தில் பன்னிரண்டு அடி உயரத் தேக்குக் கட்டை ஒன்றை நட்டுவிட்டுப் போயிருந்தார். கட்டை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், அடிக்கு ஓர் எண். தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இப்படி மூன்று வருஷம். அந்த நோட்டை வைத்து, மேற்கே இரண்டு கரட்டுக் குன்றுகளுக்கு நடுவில் அணை கட்டலாமா வேண்டாமா என்று பார்ப்பார்களாம். அணையிலிருந்து கால்வாய் இறங்கி இருபது ஊர்க் கண்மாய்களை நிரப்புமாம். பேரையூருக்கும் அதைத் தாண்டியுள்ள டவுன்களுக்கும் குடிதண்ணீர் போகுமாம். ஓவர்சியர் குடைக்கம்பியால் மணலில் கோடு போட்டு விளக்கினார். ஊரே தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது. ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை.

நம்பாததில் தப்பும் இல்லை. அந்த ஊரில் வயசுக்கு வந்த ஆண்பிள்ளை ஒவ்வொருவனின் பத்து விரலும் போலீஸ் ஸ்டேஷன் காகிதத்தில் மையாக இருந்தது. ரேகைச் சட்டம் என்று அதற்குப் பேர். திருடியவன், திருடாதவன், திருட நினைக்கக்கூடத் தெம்பில்லாதவன் எல்லோருக்கும் ஒரே மை. வெளியூர் போவதற்குக்கூட ராதாரிச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். சர்க்கார் நோட்டில் எழுதியது எதுவானாலும் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

"அளக்குறவன் எதுக்குப்பா அளக்குறான்? விக்கிறதுக்குத்தான அளக்குறான்?" என்றார் பேயாண்டித் தேவர். ஊருக்குப் பெரியவர் அவர். முத்திருளனுக்குத் தாய்மாமன், தன் மகள் ஒச்சாயியைக் கட்டிக்கொடுத்ததால் மாமனாரும் ஆனவர். "வண்டியூர்த் தெப்பத்துக்குப் போனப்ப மேலூர்ச் சீமைக்காரன் ஒருத்தன் எங்கிட்ட அழுதான். அங்கிட்டுக் காவாத்தண்ணி வந்துச்சாம். வந்த மறுவருசமே தீர்வை ரெண்டு மடங்காம். இங்கிட்டும் அதான் நடக்கும். நம்ம ஓடைய டவுன்காரன் குளிக்கக் குடுத்துட்டு, நம்மகிட்ட வரி கேப்பாய்ங்க."

"அப்பத் தண்ணியே வரலைன்னு எழுதிப்புடுவோம்," என்றான் ஒருவன்.

"கோட்டிக்காரா, தண்ணியே வரலைன்னா அந்த ஓவர்சியருக்குச் சந்தேகம் வந்து இங்ஙனயே குடிசை போட்டு உக்காந்துக்கிருவான். கொஞ்சம் வருதுன்னு சொல்லணும். அணை கட்டுற அளவுக்கு வரலைன்னு சொல்லணும்," என்றார் பெரியவர்.

ஒன்று என்றார்கள், நாலு என்றார்கள். கடைசியில் மூன்று. மூன்றடிக்குள் ஓடினால் உள்ளது உள்ளபடி எழுதலாம். அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் நோட்டில் மூன்று.

எழுதுகிற வேலை முத்திருளனுக்கு வந்தது. ஊரில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை உட்கார்ந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் ஓவர்சியர் அவனையே சம்பளத்துக்கு அமர்த்தினார். அமர்த்திய அன்றிலிருந்து ஊர் அவனைச் சந்தேகப்பட ஆரம்பித்தது. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் யாருக்கு உண்மையாக இருப்பான்? அவனைக் கண்காணிக்கச் சித்தப்பா மகன் அழகுமலையைப் போட்டார்கள். அழகுமலைக்கு எழுத்து வாசனை கிடையாது. மூன்று என்கிற எண் எப்படி இருக்கும் என்பதை மட்டும் மணலில் எழுதிக் காட்டிக் கற்றுக்கொடுத்தார்கள். அவனுடைய படிப்பு அதோடு முடிந்தது. ஆனால் படித்ததை அவன் மறக்கவில்லை. தினமும் விடிந்ததும் முத்திருளனுக்குப் பின்னால் வந்து நின்று, தோளுக்கு மேலே எட்டி நோட்டைப் பார்ப்பான்.

முத்திருளனுக்கு இந்த ஏற்பாட்டில் மனக்குறை இல்லை. ஓடைக்கு வடக்கே அவனுக்கு மூன்று குறுக்கம் புஞ்சை இருந்தது. சோளம் போடுவான், கம்பு போடுவான், மழை பொய்த்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தீர்வை ஏறினால் அந்த நிலம் ஏலத்துக்குப் போகும். நிலம் போனால் பிழைப்புத் தேடி வெளியூர் போகக்கூட அவனுக்குச் சீட்டு வேண்டும். அந்த மூன்று குறுக்கத்தைக் காப்பாற்ற மூன்றடி என்று எழுதுவது ஒரு பாவமாகவே அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மலையில் நாலு நாள் விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் காலை முத்திருளன் போய்ப் பார்த்தபோது, கட்டை ஏறக்குறைய முழுகிக்கொண்டிருந்தது. செந்நிறத் தண்ணீர் பதினோராவது கோட்டை நக்கிக்கொண்டு ஓடியது. வேரோடு பிடுங்கிய மரங்கள் கட்டையில் மோதிவிட்டுப் போயின. அவன் அப்படியே நின்றான். பக்கத்தில் நின்ற அழகுமலை அவன் முழங்கையை இடித்தான்.

"எழுதுண்ணே."

எழுதினான். மூன்று.

வெள்ளக் காலத்தில் ஓவர்சியர் வர முடியாது. கரிசல் சகதியில் வண்டி அச்சுவரை இறங்கிவிடும். பேரையூரிலிருந்து ஓர் ஆள் வருவதற்குப் பத்துப் பதினைந்து நாளாகும். அதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். ஆனால் வெள்ளம் வந்துபோனால் சும்மா போகாது. கரையோரக் கருவேல மரங்களில் செத்தையும் வைக்கோலும் தொங்கவிட்டுப் போகும், பாறையில் செம்மண் கோடு போட்டுப் போகும். அதைப் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று கண் உள்ள எவனும் சொல்லிவிடுவான். இது முதலில் முத்திருளன் மண்டையில்தான் உதித்தது. ஊரில் யாரும் சொல்லவில்லை, அவனாகவே செய்தான். தொரட்டியை எடுத்துக்கொண்டு போய் மரம் மரமாகச் செத்தையைப் பிடுங்கினான். பாறையில் படிந்த கோட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினான். மூன்று நாள் வேலை. செய்து முடித்துப் பார்த்தபோது அவனுக்குப் பெருமையாக இருந்தது.

"எங்க மாப்ள மூளைக்கு அந்த ஓவர்சியரே இவங்கிட்டப் பாடம் படிக்கணும்," என்று பேயாண்டித் தேவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஓவர்சியர் வந்தார். நோட்டைப் புரட்டினார். முகம் தொங்கிப்போயிற்று. "நாலு நாள் மலையில கறுத்துக் கிடந்துதே, மூணடிதானா?" என்றார்.

"அம்புட்டுத்தான்யா வந்துச்சு. எங்க ஊரு ராசி அப்பிடி. மேகம் இங்கிட்டு வந்து கும்பிட்டுட்டு அங்கிட்டுப் போயிரும்," என்றான் முத்திருளன்.

அவர் கரையோரம் நடந்து பார்த்தார். மரங்கள் சுத்தமாக இருந்தன. பெருமூச்சு விட்டுக்கொண்டு வண்டியேறினார். அணை வராது போலிருக்கிறதே என்று அவருக்கு நிஜமாகவே வருத்தம். அந்த வருத்தத்தை முத்திருளன் பார்க்கத்தான் செய்தான். பார்த்து, 'வரி போச்சேன்னு வயிறு எரியுதுடா இவனுக்கு' என்று நினைத்துக்கொண்டான். மறுவருஷமும் இதே கதை. ஒன்பதடி நாலங்குலம் ஒருமுறை, ஏழடி ஒருமுறை. இரண்டுக்கும் மூன்று. செத்தையைப் பிடுங்கினான், பாறையைக் கழுவினான். ஆனால் உண்மையான அளவுகள் அவன் மண்டையைவிட்டுப் போகவில்லை. எந்தத் தேதியில் எத்தனை அடி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவான். கேட்கத்தான் ஆள் இல்லை.

மூன்றாவது வருஷம் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. மழை அடியோடு பொய்த்தது. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் காற்றாகப் போயின. முத்திருளனின் அப்பன் வெட்டிய கிணறு வற்றி, அடியில் பாறை பல்லைக் காட்டியது. ஒச்சாயி இரண்டு மைல் நடந்து கரட்டடி ஊற்றில் போய் உட்கார்ந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். போனால் அரைப் பகல். அவளுக்கு அது ஏழாவது மாதம். ஒருநாள் வரப்பில் கால் இடறிக் குடத்தோடு விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. முத்திருளன் அழுதான். அழுதுவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து போய், காய்ந்த மணலில் நின்ற கட்டையைப் பார்த்து நோட்டில் பூஜ்யம் எழுதினான்.

தை மாதம் தீவனத்துக்கு வழியில்லாமல் ஒரு மாட்டை விற்க மதுரைக்கு ஓட்டிக்கொண்டு போனான். சீட்டு வாங்க மூன்று நாள் அலைந்தது தனிக்கதை. மாட்டை விற்ற மறுநாள் தெப்பம். ஊர் சனம் அத்தனையும் வண்டியூருக்குப் போக, அவனும் போனான். தெப்பக்குளத்து மேற்குக் கரையில் ஒரு வண்டி அவிழ்த்துக் கிடந்தது. வண்டி நிறைய நெல் மூட்டை. மாடுகள் இரண்டும் கொழுத்துத் திமில் சரிந்து நின்றன. வண்டிக்காரன் மேலூர்ப் பக்கத்து ஆள். ஒரு வியாபாரியிடம் தலையில் கைவைத்துக்கொண்டு புலம்பிக்கொண்டிருந்தான்.

"காவாத்தண்ணியா அது, எங்க குடியக் கெடுக்க வந்த தண்ணி. தீர்வை கட்டியே செத்தோம். வெள்ளாமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பஞ்சப் பாட்டுத்தான் போங்க."

முத்திருளன் மூட்டைகளைப் பார்த்தான். எண்ணினால் இருபதுக்குக் குறையாது. மாமா பேயாண்டி அன்றைக்குப் பார்த்த ஆள் இவனாகவே இருந்தாலும் இருக்கலாம் என்று தோன்றியது. மெல்லக் கிட்டே போய்க் கேட்டான்.

"அம்புட்டுக் கஷ்டம்னா, எங்களுக்குக் காவா வேணாம், மூடிப்புடுங்கன்னு எழுதிக் குடுத்துறலாம்ல அண்ணே?"

அந்த ஆளின் புலம்பல் சட்டென்று நின்றது. முத்திருளனை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ எந்த ஊரு? ஒன்னய யாரு அனுப்புனா? காவாயில எவனாச்சும் கைய வச்சா அங்ஙனயே வெட்டிப் பொதச்சுருவோம், ஆமா."

 அந்தப் புலம்பல் முத்திருளனுக்குப் புதிதில்லை. 'எங்க ஊரு ராசி அப்பிடி' என்று ஓவர்சியரிடம் தான் இழுத்த அதே இழுப்பு, அதே தொங்கிய முகம். அசலூர்க்காரனிடம் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் கண் வைப்பான், இல்லையென்றால் வரி வைப்பான். ஊர் ஊருக்கு இதுதான் வழக்கம். மேலூர்க்காரன் மாமாவிடம் பாடியது வழக்கமான பஞ்சப்பாட்டு. அதை மாமா நம்பிவிட்டார். எதையுமே நம்பாத மனுசன், போயும் போயும் அதை நம்பினார்! அந்தப் பாட்டுக்காகத்தான் பதினோரு அடித் தண்ணீரை மூன்று என்று எழுதினோமா? குடத்தோடு விழுந்த ஒச்சாயி நினைவுக்கு வந்தாள். முத்திருளன் தெப்பம் சுற்றுவதைப் பார்க்காமலே திரும்பி நடந்தான்.

ஊருக்கு வந்து மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். நிஜக் கணக்கைச் சொல்லிவிடுவோம் என்றான். பேயாண்டித் தேவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"மதுரையில எவனப் பாத்த மாப்ள?"

"நான் எவனையும் பாக்கல மாமா. கண்ணால கண்டதச் சொல்றேன்."

"சீட்டு வாங்க மூணு நாள் ஸ்டேசனுக்கு நடந்தியே, அங்க என்ன பேசுன? எம்புட்டுத் தாரேன்னாய்ங்க?"

மகளைக் கட்டிய மருமகனிடம் கேட்கிற கேள்வியா அது? முத்திருளன் எழுந்துவந்துவிட்டான். அன்றிலிருந்து அழகுமலை காலையில் மட்டுமில்லை, பகலெல்லாம் பின்னாலேயே திரிந்தான்.

மாசி மாதம் எஞ்சினியரே வந்தார். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர். பாறைமேல் உட்கார்ந்து மூன்று வருஷ நோட்டையும் புரட்டினார். ஊர் ஓடைக்கரையில் கூடி நின்றது. ஓவர்சியர் முத்திருளனைத் தட்டிக்கொடுத்தார்.

"ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்கான் சார். ரொம்ப நாணயமான ஆளு."

முத்திருளன் சடாரென்று எஞ்சினியர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "அம்புட்டும் பொய்யிங்கய்யா. மொத வருசம் ஐப்பசி எட்டாந் தேதி பதினோரு அடி. கார்த்திகை மூணாந் தேதி எட்டரை. அடுத்த வருசம் ஐப்பசி இருவதுல ஒம்பதடி நாலங்குலம்..." என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

எஞ்சினியர் கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தார். "நல்ல ஞாபகசக்தி. இந்த வருஷம் மழை பொய்ச்சதும் எல்லா ஊர்லயும் இப்படித்தான் வெள்ளம் ஞாபகத்துக்கு வருது. தீர்வைன்னா ஒரு சொட்டு இல்லைங்கிறது, அணைன்னா ஆள் உயரம் ஓடுச்சுங்கிறது." பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. பதினோரு அடி ஓடுச்சா?"

பேயாண்டித் தேவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எங்கய்யா ஓடுது? மூணடி வந்தாப் பெரிசு. பய பிள்ளையப் பறிகுடுத்ததுலருந்து இப்பிடித்தான் பெனாத்திக்கிட்டுத் திரியுறான்."

ஒச்சாயி கூட்டத்தில் நின்று அப்பனைப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

எஞ்சினியர் கெட்டவர் இல்லை. எழுந்து நின்று, "சரிப்பா, பதினோரு அடி வந்திருந்தா கரையில அடையாளம் இருக்கும். காட்டு, நான் நம்பறேன்," என்றார்.

முத்திருளன் ஓடினான். கருவேலங்காட்டில் மரம் மரமாகப் பார்த்தான். கல்யாண வீட்டு வாசல் மாதிரி கரை சுத்தமாக இருந்தது. பாறையைப் பார்த்தான். தேங்காய் நாரால் அவன் தேய்த்த தேய்ப்பில் ஒரு கீற்றுக்கூட மிச்சமில்லை. அப்போதுதான் கருவேலங்காட்டுக்குள் மறைந்து நின்ற ஒரு மருதமரம் அவனுக்கு ஞாபகம் வந்தது. முதல் வெள்ளத்தில் அதன் கவட்டில் சிக்கிய செத்தையை மட்டும் அவன் எடுக்கவில்லை. அண்ணாந்து பார்த்தான். இருந்தது! தலைக்கு மேலே மூன்று முழ உயரத்தில், மண் அப்பிக் காய்ந்துபோன ஒரு பொதி.

"இந்தா பாருங்கய்யா! இந்தா!"

எஞ்சினியர் பார்த்தார். சுற்றியிருந்த மரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்த மரத்தில மட்டும் இருக்கு. பக்கத்து மரத்தில ஒரு துரும்பு இல்லையே?"

"அதுல இருந்ததையெல்லாம் நான் பிடுங்கிட்டேன்யா."

"பிடுங்கிட்டியா? இதை மட்டும் ஏன் விட்டே?"

"இதுல குளவிக்கூடு இருந்துச்சுய்யா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஓவர்சியருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எப்பப்பா ஏறிச் சொருகினே? நேத்தா, முந்தாநாளா?" என்றார்.

முத்திருளன் மறுபடி மரத்தை அண்ணாந்து பார்த்தான். அவன் சொன்னதெல்லாம் சத்தியம். ஆனால் அவன் காதுக்கே அது பொய்யாகத்தான் கேட்டது. எஞ்சினியர் நோட்டுகளை மூடிக் கையெழுத்துப் போட்டார். சாத்தனோடை அணைக்குத் தகுதியில்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. கூலியாட்கள் கட்டையைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வரி தப்பித்தது என்று கருப்பசாமிக்குக் கிடா வெட்டினார்கள்.

அடுத்த ஐப்பசியில் வெள்ளம் வந்தது. இரண்டு பாறைகளும் முழுகி, ஓடை கரை புரண்டு, சோளக் கொல்லைகளை அறுத்துக்கொண்டு கிழக்கே ஓடியது. ஊரே கரையில் நின்று பார்த்தது. அளக்கக் கட்டை இல்லை. பேயாண்டித் தேவர் முத்திருளன் பக்கத்தில் வந்து நின்றார். 

"எம்புட்டு இருக்கும் மாப்ள?"

"மூணடி மாமா," என்றான் முத்திருளன்.

அழகுமலை உட்பட யாரும் சிரிக்கவில்லை. ஆனால் பேர் மட்டும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. மூணடி முத்திருளன் என்றால்தான் பிற்பாடு பேரையூர்ச் சந்தையிலும் தெரியும்.

வெள்ளம் நாலே நாளில் வடிந்தது. அடுத்த மூன்று மாதத்தில் கிணறும் வற்றியது. மறுபடி ஒச்சாயி இடுப்பில் குடத்தோடு கரட்டடி ஊற்றுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பிள்ளை போனபோதுகூட அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அம்புட்டுத் தண்ணியில எனக்கு ஒரு குடம் எழுதி வச்சிருக்கலாம்ல மச்சான்," என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முத்திருளன் அதற்குப் பிறகு கரையோர மரங்களில் யாரையும் கை வைக்க விடவில்லை. விறகுக்கு என்று ஒரு துரும்பை எடுத்தாலும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். ரேகைச் சட்டம் போன பிறகும், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகும் அப்படித்தான் இருந்தான். வருஷா வருஷம் வந்த வெள்ளத்தின் செத்தை கருவேல மரங்களில் அடுக்கடுக்காகத் தொங்கியது. ஒவ்வொரு அடுக்கும் எந்த வருஷத்தது, எத்தனை அடி என்று அவன் சொல்லுவான். காலை ஆறு மணிக்குக் கட்டை இருந்த இடத்தில் போய் நிற்பதையும் விடவில்லை. பேரையூரிலிருந்து யாரும் வந்து கேட்கவில்லை.